வீடு மாற்றிய அசதி என்று சும்மா இருந்துவிடாதீர்கள்

"வீடு மாத்துன அசதிதான் டாக்டர், ரெண்டு நாள்ல சரியாயிரும்னு இருந்துட்டோம்." நீண்ட பள்ளி விடுமுறை வந்துவிட்டால் இந்த வார்த்தையைக் கேட்காத வாரம் எனக்கு இல்லை. மலேசியாவின் மலை ஊரான தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வேலை ஓய்ந்து, லயத்து வீட்டைக் காலி செய்து, பிரிஞ்சாங்கிலோ ரிங்லெட்டிலோ ஒரு வீடு பார்த்துப் போகிறவர்கள் ஒரு பக்கம். மலையிறங்கித் தாப்பாவிலோ ஈப்போவிலோ பிள்ளைகளின் வீட்டோடு சேர்ந்துகொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். கீழே போனவர்களில் சிலர், உடம்பு முடியாமல் போனதும், பழகிய கிளினிக்கைத் தேடி இவ்வளவு வளைவு ரோட்டையும் ஏறி வருகிறார்கள். வரும்போது ஒருவருக்குக் கண் மஞ்சளாகியிருக்கிறது. இன்னொருவருக்குச் சர்க்கரை கருவியில் எண் காட்டாத அளவுக்கு ஏறியிருக்கிறது. தொடை எலும்பின் கழுத்து முறிந்த நிலையில், எண்ணெய் போட்டு உருவி உருவி, மூன்றாம் நாள் தூக்கிவரப்பட்ட பாட்டியும் உண்டு. எல்லோருக்கும் வீட்டார் சொன்ன காரணம் ஒன்றுதான். அசதி.

அசதி எது, நோய் எது என்று பிரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வீடு மாற்றுவதால் உடம்புக்கும் மனசுக்கும் வரும் சுமை உண்மையானது. அதனாலேயே அதன் நிழலில் வேறு பல நோய்கள் பதுங்கிக்கொள்கின்றன.

வீட்டோடு சேர்ந்து போகிறவை

1967இல் ஹோம்ஸ், ரேஹி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தந்தார்கள். கணவனையோ மனைவியையோ இழப்பது 100. வேலை ஓய்வு 45. வாழும் சூழ்நிலை மாறுவது 25. வீடு மாறுவது 20. தனித்தனியாகப் பார்த்தால் வீடு மாறுவது சின்ன எண்தான். பட்டணத்தில் வேலை பார்க்கிற ஒருவர் ஒரு தாமானிலிருந்து இன்னொரு தாமானுக்குப் போனால் அந்த 20 மட்டும்தான்.

தோட்டத்தில் அப்படி இல்லை. இங்கே வீடு வேலையோடு ஒட்டியது. மலேசியாவில் 2013 ஜூலை முதல் தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த வயதில் வேலை நிற்கிறது, வேலை நின்றால் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும், சாவியைக் கொடுத்தால் லயமே போய்விடுகிறது. பக்கத்துக் கதவைத் தட்டினால் வருகிற ஆள், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது முகத்தைப் பார்த்தே 'என்ன, உடம்பு சரியில்லையா' என்று கேட்கிற ஆள், மாரியம்மன் கோயில், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர், எல்லாம் ஒரே மாதத்தில் இல்லாமல் போகின்றன. ஹோம்ஸ் பட்டியலின் மூன்று நான்கு வரிகள் ஒரே லோரியில் ஏறுகின்றன. இந்தச் சுமையைத் தாங்குகிறவருக்குத்தான் பிள்ளைகள், 'நல்ல வீட்டுக்குத்தானே வந்திருக்கீங்க, எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க' என்கிறார்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1950களின் கடைசியில் வெஸ்ட் எண்ட் என்ற தொழிலாளர் குடியிருப்பை இடித்து மக்களை வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து விசாரித்த உளவியலாளர் மார்க் ஃபிரைடு 1963இல் எழுதியது எனக்கு நம் தோட்ட மக்களைப் படித்ததுபோலவே இருந்தது. பலரிடம் அவர் கண்டது, சாவு வீட்டில் காணும் துக்கத்தின் அதே அறிகுறிகள். இடிந்த வீடு வசதியானதா இல்லையா என்பது அங்கே பெரிய விஷயமாகவே இல்லை.

ஆகவே, அழுகிற அம்மாவை அதட்டாதீர்கள். அழட்டும். ஆனால் வாரக்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, 'இருந்து என்ன பண்ணப் போறேன்' என்ற பேச்சு வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோய். அதற்கு மருத்துவம் இருக்கிறது. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல ஆலோசனைத் தொலைபேசி எண் 15555. சாகிற பேச்சு வந்துவிட்டால் தொலைபேசியோடு நிற்காமல், ஆளைத் தனியே விடாமல், நேரே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

இது உடம்பு வலி இல்லை, எலிக் காய்ச்சல்

என்னைப் பயமுறுத்துகிற நோய் இது. பழைய வீட்டின் ஸ்டோரை ஒழிப்பார்கள். பல வருடமாகத் தொடாத சாக்கு, கூடை, பிள்ளைகளின் பழைய புத்தகம். அடியில் எலி எச்சம். வெறுங்காலோடு நின்று, வெறுங்கையால் அள்ளி, துடைப்பத்தால் தூசி பறக்கக் கூட்டுவார்கள். போகிற வீடும் பூட்டிக் கிடந்த வீடாக இருந்தால் அங்கேயும் அதே கதை.

எலியின் சிறுநீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, காலில் கையில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாக உள்ளே போகிறது. கொழுந்து பறித்த கையில் வெடிப்புக்குப் பஞ்சமா? பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்கால் தசையில் கடுமையான வலி. இந்தக் கெண்டைக்கால் வலிதான் ஆளை ஏமாற்றுகிறது. 'அலமாரியைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுனேன்ல, அதான்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். சாமான் தூக்கிய வலிக்குக் காய்ச்சல் வராது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் அன்றே வாருங்கள். ஆரம்பத்தில் வந்தால் சாதாரண ஆண்டிபயாட்டிக்கில் முடிகிற நோய். தாமதித்தால் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் இரத்தக் கசிவு வரை போகும். வந்ததும் 'பழைய வீட்டை ஒழிச்சோம் டாக்டர், எலி இருந்துச்சு' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

மலையிறங்கிப் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இங்கே 1,400 மீட்டருக்கு மேல் குளிரில் வாழ்ந்தவர்களுக்கு ஏடிஸ் கொசுவின் தொல்லை அவ்வளவாகப் பழக்கமில்லை. கீழே ஃபிளாட்டுகளில் டிங்கி அன்றாடப் பிரச்சினை. போன புதிதில் காய்ச்சல் வந்தால் 'சூடு ஒத்துக்கல' என்று இளநீரோடு நிறுத்திவிடாதீர்கள். பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் தொடவே தொடாதீர்கள். டிங்கியில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

பெட்டிக்குள் போன மாத்திரை

சாமி படம் தனியாகத் துணி சுற்றி மடியில் வரும். டிவி மெத்தைக்கு நடுவில் பத்திரமாக வரும். மாத்திரைப் பை மட்டும் எந்தப் பெட்டியில் போனது என்று யாருக்கும் தெரியாது. பத்து நாள் கழித்துச் சமையல் சாமான்களுக்கு அடியில் கிடைக்கும். அதுவரைக்கும் இரத்த அழுத்த மாத்திரை இல்லை, சர்க்கரை மாத்திரை இல்லை. 'தலை சுத்தல் ஒண்ணும் இல்ல, அதனால பரவாயில்லைன்னு நெனச்சேன்' என்பார்கள். இரத்த அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது. தெரிகிற அன்று சிலருக்கு வாய் கோணிவிடுகிறது.

இன்சுலின் போடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். தானா ராத்தாவின் குளிரில் திறந்த இன்சுலினைச் சமையலறை அலமாரியிலேயே வைத்துப் பழகியிருப்பீர்கள். இங்கே அது நான்கு வாரம் வரை தாங்கும். அதே பழக்கத்தோடு லோரியின் முன்கண்ணாடி ஓரம் வைத்துக்கொண்டு தாப்பா ரோட்டில் இறங்கினால், வெயிலில் அந்த இன்சுலின் வீரியம் இழந்துவிடும். பார்க்க அப்படியேதான் இருக்கும். ஊசியும் வேளை தவறாமல் போடுவீர்கள். சர்க்கரை மட்டும் இறங்காது. பனிக்கட்டியில் நேரடியாகப் புதைத்து எடுத்துப்போவதும் கெடுதல்தான், உறைந்த இன்சுலினும் வீண். ஒரு துணியில் சுற்றி, குளிர்ந்த பையில், உங்கள் கையோடு எடுத்துச் செல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள்.

அடுத்தது மருந்துத் தொடர்ச்சி. 'கார்டு தானா ராத்தாவுல இருக்கு, இங்க வாங்க முடியாது' என்று கீழே போனவர்கள் மாதக்கணக்கில் மருந்தே இல்லாமல் இருந்திருக்கிறார்கள். அரசாங்க மருந்தகங்களில் எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. ஒரு கிளினிக்கில் எழுதிய மருந்தை, மீதி மாதங்களுக்கு, நீங்கள் போகிற ஊரின் அரசாங்கக் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ வாங்கிக்கொள்ளலாம். போவதற்கு முன் மருந்து முகப்பில் கேட்டால் போதும். மருத்துவரிடம் ஒரு மாற்றல் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் கடிதம் இல்லாமல் ஊர் மாறவே கூடாது. குறைந்தது ஆறு மாத மருத்துவம் அது. நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி, போகிற வீட்டில் இருக்கும் பேரப்பிள்ளைக்கும் அந்தக் கிருமியே தொற்றும்.

'புது வீடு ஒத்துக்கல'

வயதானவர் புது வீட்டுக்கு வந்த சில நாளில் பிதற்ற ஆரம்பிக்கிறார். மகனைத் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், பகலில் தூங்கி இரவெல்லாம் நடக்கிறார், சுவரில் யாரோ நிற்பதாகச் சொல்கிறார். உடனே வீட்டில் பேச்சு மாறுகிறது. வாசல் திசை சரியில்லை. முன்னால் குடியிருந்தவர் வீட்டில் என்ன நடந்ததோ. எலுமிச்சம்பழம், மந்திரித்த கயிறு, மூன்றாம் நாள் பூசை. ஒரு வாரம் கழித்து ஆள் கண்ணைத் திறக்காத நிலையில் மருத்துவமனை.

உங்கள் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. பால் காய்ச்சுங்கள், பூசை போடுங்கள். ஆனால் திடீரென்று வந்த குழப்பம் மருத்துவ அவசரம், அதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் காரணம் மிகச் சாதாரணமானதாக இருக்கும். சிறுநீர்த் தொற்று. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, வீட்டில் சமையல் ஆகாததால் சாப்பிடாமல் இருந்தது. புது இடத்தில் கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது. பல நாள் மலச்சிக்கல். மூக்குக் கண்ணாடியும் காதுக்கருவியும் இன்னும் பெட்டியில் இருப்பது. இவற்றைச் சரிசெய்தால் பெரும்பாலோர் தெளிந்துவிடுகிறார்கள்.

விழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். லயத்து வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்த ஒரு பாட்டி. படுக்கையை விட்டு எழுந்து, இடது பக்கம் திரும்பி, சுவரைத் தொட்டபடி ஏழெட்டு அடி நடந்தால் பின்கதவு, கதவைத் தாண்டினால் கழிவறை. விளக்கே தேவைப்பட்டதில்லை. மகனின் வீட்டுக்கு வந்த இரண்டாம் இரவு, தூக்கக் கலக்கத்தில் எழுந்தவர் அதே இடது பக்கம் திரும்பினார். அங்கே சுவர் இல்லை, துணி துவைக்கிற இடத்துக்கு இறங்கும் ஒரு படி இருந்தது. விழுந்த பிறகு அந்தக் கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அது எலும்பு முறிவின் அடையாளம், யார் கண்ணுக்கும் தெரியும். ஆனாலும் 'சுளுக்கு' என்று ஆள் கூட்டிவந்து உருவினார்கள். இரண்டு நாள் அவர் பட்ட வலியை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கு எரிந்திருந்தால் போதும். முடிந்தால் கட்டிலைப் பழைய வீட்டில் இருந்த திசையிலேயே போடுங்கள்.

தைலம், உருவல், கடை மாத்திரை

சாமான் தூக்கியதில் இடுப்புப் பிடிப்பது சகஜம். அதற்குச் செய்கிற கைவைத்தியங்கள்தான் எனக்கு நோயாளிகளைத் தருகின்றன.

'இடுப்புப் பிடிச்சா அசையாமப் படுக்கணும்.' தவறு. சாதாரணப் பிடிப்புக்கு மெல்ல நடப்பதே மருந்து. ஒரு வாரம் படுத்துக் கிடந்தால் தசை இறுகும், வயதானவர்களுக்குக் காலில் இரத்தம் கட்டும். ஆனால் கால் மரத்து வலு இழந்தாலோ, உட்காரும் இடம் உணர்ச்சியற்றுப் போனாலோ, சிறுநீர் தெரியாமல் போனாலோ வீட்டில் ஒரு மணி நேரம்கூட வைத்திருக்காதீர்கள்.

'நல்லா அழுத்தி உருவுனா போயிரும்.' எலும்பு தேய்ந்த பாட்டியின் முதுகில் முழங்காலை வைத்து அழுத்துகிறவர்களை என்ன சொல்வது? முள்ளெலும்பு நொறுங்கிய இடத்தில் அந்த அழுத்தம் நரம்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

'சூடு வச்சா வலி இழுத்துக்கும்.' சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்குச் சுடுதண்ணீர்ப் பை எவ்வளவு சுடுகிறது என்றே தெரியாது. காலையில் பார்த்தால் கொப்புளம், பிறகு ஆறாத புண், சிலருக்கு விரலை எடுக்க வேண்டிவருகிறது.

'பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கேட்ட மாத்திரை, எனக்கும் கேக்கும்.' அந்த அண்ணனுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தது, உங்களுக்கு இல்லை. டைக்ளோஃபினாக், மெஃபனமிக் அமிலம் போன்றவற்றைத் தினம் மூன்று வேளை, வெறும் வயிற்றில், இரத்த அழுத்த மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகம் கெடும். கறுப்பாக மலம் போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று அர்த்தம்.

இவற்றைவிட மோசம், பேர் தெரியாத டப்பாவில் வருகிற 'மூலிகை' வலி மாத்திரை. இரண்டு மாத்திரையில் வலி பறந்துவிடுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட கலப்பட மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உருண்டையாகும், சர்க்கரை எகிறும், எலும்பு கரையும். மாதக்கணக்கில் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எந்த மருந்தானாலும் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுத்தாளும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டப்பாவோடு என்னிடம் கொண்டுவாருங்கள், திட்ட மாட்டேன்.

'தூக்கம் வரல, ஒரு கிளாஸ் போட்டேன்.' சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை தோட்டத்துக் குடும்பங்களைச் சாய்த்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு பெற்று, கையில் சேமநிதிப் பணத்தோடு, பேச ஆளில்லாத புது ஊரில் உட்கார்ந்திருக்கும் ஆணுக்கு அந்த ஒரு கிளாஸ் எங்கே போய் முடியும் என்பதைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கடைசியாக, 'வாயுப் பிடிப்பு.' குளிர்பெட்டியைத் தூக்கும்போது நெஞ்சு அடைக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, இடது கையோ தாடையோ வலிக்கிறது. பூண்டு தின்று, சோடா குடித்து, 'ஏப்பம் வந்துட்டா சரியாயிரும்' என்று காத்திருக்காதீர்கள். 999ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பில் வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பும் அசதியும் மட்டும்கூட வரலாம். 'அசதி' என்ற சொல்லை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

போத்தலில் இருப்பது தண்ணீரா?

காய்கறித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் உள்ள மலை இது. வீட்டை ஒழிக்கும்போது பின்கட்டில் ஏதாவது ஒரு பழைய களைக்கொல்லி வெளியே வரும். டப்பா ஒழுகுகிறது என்று காலியான குடிநீர்ப் போத்தலில் ஊற்றி லோரியில் ஏற்றுவார்கள். வெயிலில் சாமான் இறக்குகிற பையன் தாகத்துக்கு எடுத்து ஒரு மடக்கு குடிப்பான். பராகுவாட் மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் பின்கட்டில் கிடக்கும் பழைய டப்பாவுக்குச் சட்டம் தெரியாது. ஒரு மடக்கு போதும், நுரையீரல் சுருங்கி ஆளைக் கொல்ல.

விஷம் குடித்தவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பச்சை முட்டையும் புளித்தண்ணியும் வேண்டாம். போத்தலையும் எடுத்துக்கொண்டு ஓடிவாருங்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசிய நச்சு மையத்தைக் கேட்டு நாங்கள் மருத்துவம் செய்வோம்.

புது வீட்டின் கழிவறையைக் கழுவும்போது குளோராக்ஸையும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றுவதும் இதே வகைதான். 'ரெண்டும் சேர்ந்தா நல்லா வெளுக்கும்' என்ற எண்ணம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தவர்கள் மூச்சு முட்டி வந்திருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வர அது போதும்.

சோதனைகள்

இந்த அறிகுறிகளோடு வருகிறவர்களுக்கு நாங்கள் பெரும்பாலும் எடுத்துப் பார்ப்பவை இவைதான்: இரத்தம், சிறுநீர், இசிஜி, தேவைப்பட்டால் எக்ஸ்ரே.

கெஞ்சிக் கேட்கிறேன்

லோரிக்காரரிடம் பேசுகிற அன்றைக்கே கிளினிக்குக்கும் ஒரு முறை வாருங்கள். கடிதத்தையும் மருந்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பை எடுத்து, அதில் மாத்திரை, கிளினிக் கார்டு, ஐசி, கண்ணாடி, பல்செட் எல்லாவற்றையும் போட்டு, அந்தப் பையை லோரியில் ஏற்றாமல் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியபோது, மக்கள் இருட்டில் உடுத்திய துணியோடு ஓடினார்கள். அப்படி ஓடும் அவசரத்தில் மாத்திரை ஞாபகம் யாருக்கும் வராது. உங்களுக்கு நாள் குறித்துப் போகிற வாய்ப்பு இருக்கிறதே, அதைப் பயன்படுத்தக் கூடாதா?

எலி எச்சத்தை உலர்ந்தபடி கூட்டாதீர்கள். ஒரு பங்கு குளோராக்ஸுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, காலில் பூட்ஸும் கையில் உறையும் போட்டு வழித்தெடுங்கள். எல்லாச் சாமானையும் ஒரே நாளில் ஏற்றியாக வேண்டும் என்று யார் சொன்னது? ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் அலமாரியின் எந்த முனையையும் தூக்க வேண்டாம். தெருவில் நான்கு பையன்கள் இருப்பார்கள், கேளுங்கள், அவர்களுக்கு வயிறாரச் சோறு போடுங்கள்.

பெரியவர்களை முதலில் ஒரு வாரக் கடைசிக்குப் புது வீட்டில் தங்க வைத்துப் பாருங்கள். வந்தபிறகு முதல் நாளே அவர்கள் அறையைச் சரிசெய்யுங்கள், வரவேற்பறை காத்திருக்கட்டும். சாமி படமும் அவர்களுடைய பழைய நாற்காலியும் கண்ணில் படும்படி இருக்கட்டும். அம்மாவுக்குச் சமையலறையில் ஒரு வேலை கொடுங்கள். 'நீங்க சும்மா உக்காருங்க' என்று பாசத்தில் சொல்வதுதான் அவரை அதிகமாக ஒடுக்குகிறது. பழைய லயத்துத் தோழியின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாதம் ஒரு முறையாவது மேலே அழைத்து வாருங்கள்.

வந்த முதல் ஒரு மாதம் காய்ச்சல், நெஞ்சடைப்பு, குழப்பம், விழுந்த வலி, சாப்பாடு இறங்காமை எது வந்தாலும் 'வீடு மாத்துனதால' என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அதைச் சொல்ல நான் இருக்கிறேன். மாத்திரைப் பையோடும், கூட ஒருவரோடும், அன்றைக்கே வாருங்கள்.